மேடை நடுக்கம்: எது ஆடுகிறது என்று முதலில் பாருங்கள்

"சார், பயமா இருக்கு" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், "எங்க இருக்கு?" என்று கேட்பேன். கொஞ்சம் விழிப்பார்கள். பிறகு ஒருத்தி வயிற்றில் கை வைப்பாள். ஒருவன் கையை நீட்டிக் காட்டுவான், விரல்கள் ஆடிக்கொண்டிருக்கும். இன்னொருவன் தொண்டையைப் பிடித்துக்கொள்வான். அதன் பிறகு வேலை சுலபம். பயத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. ஆனால் நாக்கு ஒட்டினால், குரல் ஏறிக்கொண்டால், கையிலிருக்கும் தாள் படபடத்தால், ஒவ்வொன்றுக்கும் செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வது என் பல வருடப் பழக்கம். ஆண்டு விழா, கோயில் கொடை, நூல் வெளியீடு என்று தொகுத்து வழங்கவும் போவேன். இன்றைக்கும் மைக்கைத் தொடும் முன் எனக்கு உள்ளங்கை ஈரமாகும். அதனால் "தைரியமா இரு" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. காய்ச்சல்காரரிடம் "சூடு இல்லாம இருங்க" என்பதைப் போலத்தான் அது.

மேடைக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் உங்கள் அறிகுறியை மட்டும் தேடிப் படித்துவிட்டுப் போங்கள். மீதியை வீட்டுக்கு வந்து படிக்கலாம்.

முதலில் கரண்ட் இருக்கிறதா?

மிக்ஸி ஓடவில்லை என்றால் கழற்றுவதற்கு முன் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்போம். இங்கேயும் அப்படி ஒரு சோதனை உண்டு. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் சமையலறையில் நின்று பேச்சின் முதல் இரண்டு நிமிடத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. சுவரும் குக்கரும் மட்டும் கேட்கிற இடத்திலேயே தடுமாறினால், உங்கள் கோளாறு மேடையில் இல்லை. பேச்சு இன்னும் வேகவில்லை, அவ்வளவுதான். மறுபடி அடுப்பில் வையுங்கள். அங்கே சரளமாக வந்து, ஆட்கள் முன்னால் மட்டும் கெட்டுப்போனால் மேற்கொண்டு படியுங்கள்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குது"

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் விடுகிறது. நாய் துரத்தினாலும் நடுவர் நிமிர்ந்து பார்த்தாலும் ஊறுவது அதேதான். மோது, இல்லையென்றால் ஓடு என்று உடம்பைத் தயார் செய்யும் இந்த ஏற்பாட்டை 1915இல் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் விரிவாக எழுதினார். இரத்தத்தில் கலந்த அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். அப்படியானால் ஏன் ஒரு மணி நேரமாக அடித்துக்கொண்டே இருக்கிறது? நாம்தான் விடாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். 'இன்னும் மூன்று பேர், அப்புறம் நான்', 'முன்னாடி போனவன் நல்லாப் பேசிட்டான்' என்று ஒவ்வொரு நினைப்புக்கும் ஒரு கரண்டி.

ஆகவே வரிசையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நாற்காலி நகர்த்துங்கள், யாருக்காவது தண்ணீர் எடுத்துக் கொடுங்கள், மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை போங்கள்.

இன்னொன்று, அடிப்பதை அடக்கப் பார்க்க வேண்டாம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். அடிக்கும் நெஞ்சை நிறுத்துவது கடினம், அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம். இது நம் மொழியில் இன்னும் மலிவாக நடக்கும். படபடப்பு, பரபரப்பு. எழுத்தில் 'ட'வுக்கும் 'ர'வுக்கும் உள்ள வித்தியாசம்தான். திருவிழாவுக்கு முந்தின நாள் இருந்ததும் இதே நெஞ்சடிப்புதானே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள்தான் வாதம் செய்வார்கள்.

மூச்சில் ஒரு திருத்தம். "நல்லா இழுத்து விடு" என்பது அரைகுறை அறிவுரை. இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம். மூச்சை வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு சற்று மெதுவாகிறது. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். இரண்டு நிமிடம் போதும். சூடான பாயசத்தை ஊதி ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து விட்டால் தானாகவே நீளமாக வரும்.

"விரல் நுனி மரத்துப்போகுது, தலை சுத்துது"

"நல்லா இழுத்து விடு" என்ற அறிவுரையை முழு மனதோடு பின்பற்றியதன் விளைவாக இது இருக்கலாம். வேகவேகமாக ஆழமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும், தலை இலேசாகும். மூச்சுப் பயிற்சியை நிறுத்துங்கள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மெதுவாக, கொஞ்சமாக மூச்சு விடுங்கள். உட்கார இடம் இருந்தால் உட்காருங்கள். சில நிமிடத்தில் சரியாகிவிடும்.

தலைசுற்றலுக்கு இன்னொரு காரணம் வெறும் வயிறு, அல்லது முட்டியை விறைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றது. வரிசையில் நிற்கும்போது முட்டியைத் தளர்த்தி, செருப்புக்குள் கால்விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள்.

"வயித்தைக் கலக்குது"

உடம்பு செரிமானத்தைத் தள்ளிவைத்துவிட்டு இரத்தத்தைத் தசைகளுக்கு அனுப்புகிறது. மேல் வயிறு மந்தமாகும், கீழ்க் குடல் அவசரப்படும். மண்டபத்துக்குப் போனதும் மேடையைத் தேடாதீர்கள், கழிப்பறையைத் தேடுங்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டாலே பாதிப் பேருக்குக் கலக்கம் அடங்குகிறது.

இரண்டு மணி நேரம் முன்னதாக இரண்டு மூன்று இட்லி. பூரி, வடை வேண்டாம். சாமிக்கு நேர்ந்துகொண்டு பட்டினியாக வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பசி நடுக்கமும் மேடை நடுக்கமும் சேர்ந்தால் எது எது என்றே தெரியாது. சாமி கோபித்துக்கொள்ளாது, விரதத்தை மறுநாள் வைத்துக்கொள்ளச் சொல்வேன். காபி தினமும் குடிக்கிறவர் வழக்கமான ஒரு டம்ளர் குடிக்கலாம், அன்றைக்கென்று நிறுத்தினால் தலைவலி வரும். வழக்கமில்லாதவர் 'சுறுசுறுப்புக்காக' அன்று தொடங்க வேண்டாம். சிறப்பு விருந்தினர் எப்படியும் ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் வருவார், ஆகவே பையில் ஒரு வாழைப்பழம் இருக்கட்டும்.

"நாக்கு மேல்வாயில ஒட்டிக்கிச்சு"

பதற்றத்தில் தண்ணீராக ஊறும் எச்சில் குறைந்து, கெட்டியானது மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் 'ழ'கரமும் 'ற'கரமும் வாய்க்குள் பசை தடவிய மாதிரி வருகின்றன. மேடை ஏறும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தால் வாய்க்கு எதுவும் ஆகாது, மேலே சொன்ன கழிப்பறைக் கதைதான் தொடரும். வாயில் நனைகிற அளவு ஒரு மிடறு, அரை நிமிடம் வைத்திருந்து விழுங்குங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் கைக்கெட்டாத நேரத்தில் நாக்கின் பக்கவாட்டை இலேசாகக் கடியுங்கள், அல்லது எலுமிச்சை ஊறுகாயை நினையுங்கள். சிரிக்காதீர்கள், ஊறும். பாடகர்கள் பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பேச்சாளருக்கும் அது பொருந்தும்.

சளிக்கு மாத்திரை போட்டிருக்கிறீர்களா? பல சளி, அலர்ஜி மாத்திரைகள் வாயை உலர்த்தும். அன்றைய வறட்சிக்குப் பயம் மட்டும் காரணமாக இருக்காது.

"கை நடுங்குது"

எல்லோருடைய கையும் எப்போதும் இலேசாக நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அட்ரினலின் அதைப் பெரிதாக்குகிறது, மெல்லிய தாள் அதை இன்னும் பெரிதாக்கி ஊருக்குக் காட்டுகிறது. கையைச் சரிசெய்ய நேரமில்லை என்றால் தாளை மாற்றுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஓர் அட்டைக்கு ஐந்தாறு சொற்கள் மட்டும் எழுதுங்கள். ஒரு மூலையில் துளைபோட்டு நூலால் கட்டிவிட்டால் கீழே விழுந்தாலும் வரிசை கலையாது. மைக்கைக் கையில் பிடிக்க வேண்டியிருந்தால் முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள்.

நேரம் இருந்தால் மேடைக்குப் பின்னால் சுவரை இரண்டு கையாலும் பத்து எண்ணும் வரை தள்ளுங்கள், விடுங்கள், மறுபடி தள்ளுங்கள். வேலை செய்வதற்காகத் தசைக்கு வந்த சக்திக்கு ஒரு வேலை கொடுக்கிறோம்.

வயலின்காரர்களின் பாடு இதைவிட மோசம். நடுக்கம் வில்லில் ஏறி நேரே காதுக்கு வந்துவிடும், அதுவும் மெதுவாக நீள வில் போடும் இடத்தில். கர்நாடகக் கச்சேரியை வர்ணத்தில் தொடங்கும் வழக்கத்தில் இதற்கு ஒரு விடை ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றும். சின்ன வயதிலிருந்து நூற்றுக்கணக்கான முறை பாடி, யோசிக்காமலே ஓடுகிற உருப்படி அது. நிற்காமல் நகரும், குரலும் விரலும் அதில் சூடேறும். முதல் பத்து நிமிட நடுக்கத்தை வர்ணம் வாங்கிக்கொள்ளும். நெஞ்சை நிறுத்திப் பாட வேண்டிய ஆலாபனை அதற்கப்புறம்தான். நடுங்கும் உடம்போடுதான் மனிதன் மேடைக்கு வருவான் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி நிரல் அது. பேச்சாளர்களோ தங்கள் பேச்சிலேயே கடினமான, அலங்காரமான, மூச்சு முட்டும் வாக்கியத்தைக் கொண்டுபோய் முதல் வரியாக வைக்கிறார்கள். உங்கள் பேச்சுக்கும் ஒரு வர்ணம் வேண்டும். சின்னச் சின்னதாக நான்கு வாக்கியம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும்.

மாத்திரை பற்றிக் கேட்பவர்களும் உண்டு. புரோபிரனோலால் என்று ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் ஜேம்ஸ் பிளாக் 1960களில் இதயநோய்க்காக உருவாக்கியது. அவருக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினலின் இதயத்திலும் தசையிலும் போய் உட்காரும் இடத்தை அது அடைத்துக்கொள்வதால் துடிப்பும் நடுக்கமும் குறையும். அமெரிக்கச் சிம்பொனி இசைக்குழுக் கலைஞர்களிடம் 1987இல் எடுத்த கணக்கெடுப்பில் 27 சதவீதம் பேர் இந்த வகை மாத்திரையைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். துப்பாக்கி சுடுதலில் இதற்குத் தடை உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு இதனால்தான் இரண்டு பதக்கங்களை இழந்தார். கையை நிறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு இது ஆபத்து. இதயத் துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்குவதைக் காட்டும் படபடப்பையே மறைத்துவிடும். நண்பரின் டப்பாவிலிருந்து ஒன்றை வாங்கி விழா அன்று முதல்முறையாகப் போட்டுப் பார்க்கிற சமாசாரமே இல்லை இது. மருத்துவரிடம் போங்கள்.

"குரல் நடுங்குது, கீச்சுன்னு ஏறிடுது"

பதற்றத்தில் தோள் ஏறி, மூச்சு நெஞ்சின் மேல்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. குரல்வளைத் தசையும் இறுகுவதால் சுருதி ஏறுகிறது. நம் ஊர்ப் பேச்சுப் போட்டிகளில் இதற்கு ஒரு பாரம்பரியக் காரணமும் உண்டு. "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்!" என்பதையே உச்ச ஸ்தாயியில் தொடங்கப் பிள்ளைகளைப் பழக்கிவிடுகிறோம். அங்கே தொடங்கினால் உணர்ச்சி வேண்டிய இடத்தில் ஏறுவதற்குப் படியே மிச்சமிருக்காது. நடுவராக உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போனவர்களுக்கு நான் மனதுக்குள் ஒரு மதிப்பெண் குறைத்ததுண்டு.

மைக் முன் நின்றதும் முதலில் உள்ளே இருக்கும் மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். அப்புறம் உள்ளே வருவது தானாக வயிறு வரை போகும். முதல் சொல்லை வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற சுருதியில் சொல்லுங்கள். மேடைக்குப் பின்னால் வாயை மூடி 'ம்ம்ம்' என்று கீழ்ச் சுருதியில் ஒரு நிமிடம் முனகியிருந்தால் இன்னும் நல்லது.

மைக் உங்கள் உயரத்துக்கு இல்லையா? நின்று நிதானமாகச் சரிசெய்யுங்கள். அந்த ஐந்து விநாடியை யாரும் குறையாக நினைப்பதில்லை, உங்களுக்கோ இலவசமாக ஒரு மூச்சு கிடைக்கிறது. மைக் ஊளையிட்டால் அது சவுண்ட் சர்வீஸ்காரர் பாடு. மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

"ஏழு நிமிஷப் பேச்சு நாலு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு"

மேடையில் நேரம் இழுபடும். நீங்கள் விடுகிற ஒரு விநாடி இடைவெளி உங்களுக்கு ஐந்து விநாடியாகத் தெரிகிறது, அதனால் அதை விடாமலே ஓடுகிறீர்கள். 'மெதுவாகப் பேசு' என்று எழுதி வைத்துப் பயனில்லை. பார்த்துவிட்டு அதே வேகத்தில் ஓடுவோம். வேகத்தைத் தொடாதீர்கள், நிறுத்தங்களைச் சேருங்கள். அட்டையில் மூன்று இடத்தில் சிவப்பு மையால் 'தண்ணீர்' என்று எழுதுங்கள். அங்கே உண்மையாகவே நின்று ஒரு மிடறு குடியுங்கள். கூட்டத்துக்கும் கேட்டதை விழுங்க நேரம் கிடைக்கும்.

"எல்லாம் மறந்துபோச்சு"

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பத்தாம் வகுப்பு. சுதந்திர தின விழா. கொடியேற்றத்துக்கும் மிட்டாய்க்கும் நடுவில் என் பேச்சு. எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தையும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டாவது பத்தி முடிந்து "ஆகவே" என்றேன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கிணற்றில் வாளி தரை தட்டிய மாதிரி ஒரு சத்தம் மட்டும் காதுக்குள். மறுபடி "ஆகவே" என்றேன். மூன்றாவது "ஆகவே"க்கு ஏழாம் வகுப்பு வரிசையிலிருந்து கைதட்டல் தொடங்கியது. பாராட்டும் கைதட்டலுக்கும் 'போய் உட்காரு' என்கிற கைதட்டலுக்கும் தாளமே வேறு. அந்த வருடம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஆகவே.

ரொம்ப நாள் கழித்து, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோதுதான் கவனித்தேன், பிள்ளைகள் மறப்பது பெரும்பாலும் பத்தி மாறும் இடத்தில். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் என்பது ரயில் பெட்டிகளைக் கோத்த மாதிரி, ஒவ்வொரு வரியும் அடுத்த வரியை இழுத்து வரும். பத்தியின் உள்ளே இணைப்பு வலு. 'ஆகவே', 'அதுமட்டுமன்றி', 'எனவே தோழர்களே' போன்ற இடங்களில் கொக்கி தளர்ச்சி, ஏனென்றால் எந்தப் பத்திக்கும் அந்தச் சொல் பொருந்தும். பதற்றம் போட்டு ஆட்டும்போது கழல்வது அங்கேதான்.

அதனால் ஒத்திகையை மாற்றுங்கள். முழுப் பேச்சைப் பத்து முறை சொல்வதற்குப் பதிலாக ஒரு பத்தியின் கடைசி வாக்கியத்தையும் அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்தையும் மட்டும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். பிறகு பத்திகளுக்கு எண் போட்டுச் சீட்டுக் குலுக்குங்கள். நாலாம் எண் வந்தால் நாலிலிருந்து தொடங்கி முடிவு வரை. எங்கே தள்ளிவிட்டாலும் எழுந்து நடக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, புள்ளிக்கோலம் போடுவது போலப் பேச்சைத் தயார் செய்வது. ஏழு புள்ளி, அதாவது ஏழு சொல். அவற்றை இணைக்கும் வளைவை அன்றன்றைக்குக் கை போட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு முறையும் வாக்கியம் கொஞ்சம் மாறும். மாறட்டும்.

மேடையில் நடந்தேவிட்டால்: கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே மெதுவாக, அழுத்தி, இன்னொரு முறை சொல்லுங்கள். கேட்பவருக்கு அது அழுத்தமாகத் தெரியும், உங்களுக்கு அடுத்தது வந்து சேர நேரம் கிடைக்கும். வரவில்லையா, அட்டையைப் பாருங்கள், ஒளித்துப் பார்க்க வேண்டாம். அட்டையும் இல்லையென்றால் நினைவுக்கு வரும் ஏதோ ஒரு புள்ளிக்குத் தாவுங்கள். நடுவில் ஒரு பத்தி போனது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, அவர்கள் கையில் உங்கள் தாள் இல்லை. எதுவுமே வராவிட்டால் முன்பே தனியாக மனப்பாடம் செய்துவைத்த இரண்டு வரி முடிவுரையைச் சொல்லி வணக்கம் வைத்து இறங்குங்கள். மூன்று முறை 'ஆகவே' சொல்வதைவிட நல்லது.

பாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை. அடுத்த வரி வரும்வரை பல்லவியை இன்னொரு சங்கதியோடு, அதாவது அதே வரியின் மெட்டைக் கொஞ்சம் மாற்றி, பாடிக்கொண்டிருக்கலாம், ரசிகர் தலையாட்டுவார். ஆனால் அவர்களுக்கும் மறதி சின்ன விஷயமில்லை. அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 1967இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பெருங்கூட்டத்தின் முன் பாட்டு வரிகளை மறந்தார். அதன்பின் ஏறத்தாழ 27 ஆண்டுகள் கட்டணக் கச்சேரிப் பக்கமே பெரும்பாலும் போகாமல் இருந்து, 1994இல்தான் சுற்றுப்பயணம் கிளம்பினார்.

"நான் நடுங்குறது எல்லாருக்கும் தெரியுது"

தெரியவில்லை. நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தெரியவில்லை. உள்ளே இருக்கும் கொதிப்பு வெளியே அப்படியே தெரிகிறது என்று நமக்குத் தோன்றும் மயக்கத்தை கிலோவிச், சவிட்ஸ்கி, மெட்வெக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் ஆராய்ந்து எழுதினார்கள். 2003இல் அவர்களில் இருவர் ஒரு படி மேலே போனார்கள். பேசப் போகும் மாணவர்களிடம் இந்த மயக்கத்தைப் பற்றி முன்கூட்டியே விளக்கிச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்களின் பேச்சு மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்ததாகப் பேசியவர்களும் சொன்னார்கள், பார்த்தவர்களும் சொன்னார்கள்.

நம்பிக்கை வராவிட்டால் ஒத்திகையைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். எத்தனை இடத்தில் நடுங்கினேன் என்று முதலில் ஓர் எண்ணிக்கை எழுதிவைத்துவிட்டு, மறுநாள் படத்தைப் பார்த்து எண்ணுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவி பதினைந்து என்று எழுதினாள். படத்தில் இரண்டுதான் கிடைத்தன, அதில் ஒன்று மின்விசிறிக்கு அட்டை ஆடியது.

முன்வரிசையில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பவர் உங்கள் பேச்சால்தான் சுளிக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம், பசியாகவும் இருக்கலாம். கைப்பேசி பார்க்கும் பிரமுகரை விட்டுவிடுங்கள். இடது, வலது, நடு என்று தலையாட்டுகிற மூன்று முகங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் பெரும்பாலும் யாராவது ஒருவருடைய பாட்டியாக இருப்பார்.

"கேள்வி கேட்டா என்ன செய்றது"

கல்லூரி வைவா, அலுவலகக் கூட்டம் எல்லாம் இதில் அடங்கும். திருக்குறளில் அவையஞ்சாமை என்று இதற்கென ஓர் அதிகாரமே இருக்கிறது, 73ஆவது. அதில் பாதிக்குப் பாதி அஞ்சுகிறவனுக்கு வசைதான். ஆனால் அவையில் பதில் சொல்வதற்காகவே முறையாகக் கற்றுக்கொள் என்று ஒரு குறள் நடுவில் வேலைக்காகும் வழியும் சொல்கிறது. அதன்படியே செய்யலாம். உங்களைப் பிடிக்காத ஓர் ஆளை மனதில் நிறுத்தி அவர் கேட்கக்கூடிய பத்துக் கேள்விகளை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி பதில். பதினோராவது வந்தால், "அது எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்." இந்த வரியையும் வாய்விட்டுப் பழகுங்கள், பழகாத வாய்க்கு வராது.

"கூப்பிட்டாலே வேண்டாம்னு சொல்லிடுறேன்"

மேலே உள்ளவற்றில் தொந்தரவானது இதுதான், ஏனென்றால் இதில் உடம்பு எதுவும் ஆடுவதில்லை. வேண்டாம் என்று சொன்ன அந்த நொடியில் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியே அடுத்த முறையும் வேண்டாம் என்று சொல்லவைக்கும்.

இளம் வக்கீலாகப் பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தன் முதல் வழக்கில் எழுந்து நின்ற காந்தி, சாட்சியிடம் ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் உட்கார்ந்தார். வழக்கை வேறொருவரிடம் கொடுத்துவிடச் சொல்லி, வாங்கிய முப்பது ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். தன் முதல் பொதுப் பேச்சு என்று அவர் குறிப்பிடுவது 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நடந்தது. ஒருவர் வீட்டில் கூடிய இந்திய வியாபாரிகள் முன்னால், வியாபாரத்தில் உண்மை என்பது பற்றி. தெரிந்த விஷயம், சிறிய கூட்டம், சொல்லியே ஆகவேண்டிய ஒரு செய்தி. நீங்களும் அந்த அளவில் தொடங்கலாம். தெருக் கூட்டத்தில் நன்றியுரை, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் இரண்டு வரி வாழ்த்து, பிறகு அலுவலகத்தில் பத்துப் பேர் முன். ஒரு படியில் நெஞ்சடிப்பு பழகிய பிறகு அடுத்த படி.

பயத்தால் பதவி உயர்வை மறுக்கிறீர்கள், வகுப்புக்கே போவதில்லை, நாலு பேர் முன் சாப்பிடக்கூட முடியவில்லை, மேடையை நினைத்துக் குடிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் இந்தக் குறிப்புகள் போதாது. உளவியல் நிபுணரைப் பாருங்கள், இதற்குப் பயனுள்ள சிகிச்சை உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

"முடிச்சு இறங்கின பிறகுதான் நடுங்குது"

ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். சிரிக்காத முகத்தோடு உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. மனிதரைப் பதற வைக்க விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தது மேடைப்பேச்சும் கணக்கும் என்பதில் நமக்கெல்லாம் ஓர் ஆறுதல் இருக்கிறது. அந்தச் சோதனையில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் உச்சத்துக்குப் போவது எல்லாம் முடிந்து பத்து இருபது நிமிடம் கழித்துத்தான்.

அதாவது கீழே இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து, "சொதப்பிட்டேன்" என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதும் நேரத்தில்தான் உடம்பில் அது அதிகமாக இருக்கிறது. அந்தத் தீர்ப்பு செல்லாது. அரை மணி நேரத்துக்கு யாரிடமும் "எப்படிப் பேசினேன்?" என்று கேட்காதீர்கள். ஏதாவது சாப்பிடுங்கள். அன்று இரவு படுக்கையில் முழுப் படமும் மறுபடி ஓடும். ஓடட்டும், எழுந்து திருத்த உட்காராதீர்கள்.

மறுநாள் காலையில் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். எது ஆடியது, என்ன செய்தேன், நின்றதா. என் பழைய நோட்டுகளில் 'பயம்' என்ற சொல் ஆரம்பப் பக்கங்களில் நிறைய இருக்கிறது, போகப் போக 'தொண்டை', 'வலது முட்டி', 'வேகம்' என்று ஆகிவிட்டது. போன மாதப் பதிவு இது: "உள்ளங்கை ஈரம், வழக்கம்போல. இரண்டாவது நிமிடத்தில் நின்றது. தண்ணீர் பாட்டில் மூடி ஈரக் கைக்குத் திறக்கவில்லை. அடுத்த முறை முன்னாலேயே திறந்து வைக்க வேண்டும்."